அடிமை கட்டிய பாலம்!

பாரசீகத்துக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டான் ஒருவன். அந்த நாட்டின் பிரதம சேனாதிபதியாக மடிந்தான்! அவன் பெயர் அல்லாவர்திகான்.

கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஜார்ஜியாவில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் அவன். போரில் சிறைபட்டுப் பாரசீகம் வந்தான். இஸ்லாத்தைத் தழுவினான், போர்ப் பயிற்சி பெற்றான். மன்னனின் ஊழியத்துக்கென்றே இப்படி வளர்க்கப்பட்டவர்களுக்குக் 'குலாம்' என்று பெயர். அடிமை என்பது அதன் பொருள்.

அடிமைக்கு எப்படி அதிகாரம் வந்தது? மன்னனின் பயமே காரணம்.

அந்நாளில் பாரசீகத்தின் படைபலம் 'கிசில்பாஷ்' என்ற துருக்கியக் குலத் தலைவர்களின் கையில் இருந்தது. சிவப்புத் தலைப்பாகை அணிந்த இவர்கள் வைத்ததே சட்டம். மன்னன் ஷா அப்பாஸின் தாயை 1579-ல் கொன்றவர்களும் இவர்களே! மகன் அதை மறப்பானா? அரியணை ஏறியதும் அவர்களை அடக்க வழி தேடினான். குலாம்களுக்கு அங்கே குலமும் இல்லை, சுற்றமும் இல்லை. மன்னன் ஒருவனே கதி. ஆகவே அவர்களைக் கொண்டே தனிப்படை திரட்டினான்.

அந்தப் படைக்குத் தலைவன் ஆனான் அல்லாவர்திகான். 1595-ல் வளம் மிக்க பார்ஸ் மாகாணத்தின் கவர்னர் பதவியும் கிடைத்தது. கிசில்பாஷ் பிரபுக்களுக்குச் சமமாக அமர்ந்த முதல் குலாம் அவன்தான்! 1598-ல் பிரதம சேனாதிபதி ஆனான். பஹ்ரைன் தீவு அவன் படைகளிடம் வீழ்ந்தது. தலைநகர் இஸ்பஹானில், ஜாயந்தே ஆற்றின் குறுக்கே 33 வளைவுகள் கொண்ட பாலத்தையும் கட்டுவித்தான். அதன் நீளம் சுமார் 300 மீட்டர்.

1613-ல் அவன் இறந்தபோது, மஷ்ஹத் நகரில் இமாம் ரிஸாவின் அடக்கத்தலத்தை ஒட்டிச் சமாதி அமைந்தது. பார்ஸ் மாகாணம் மகன் இமாம் குலிகானுக்கு வந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் துணையோடு, 1622-ல் ஹோர்முஸ் தீவைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்தவன் இந்த மகனே.

ஆனால், சுற்றம் இல்லாதவன் என்று உயர்த்தப்பட்ட அடிமைக்கு இப்போது பெரிய குடும்பமே இருந்தது. பணமும் படையும் இருந்தன. அப்பாஸுக்குப் பின் பட்டத்துக்கு வந்த பேரன் ஷா சபி அஞ்சினான். 1632-ல் இமாம் குலிகானும் அவன் மகன்களும் மன்னன் ஆணைப்படி கொல்லப்பட்டனர்.

தாத்தாவின் பயம் அந்தக் குடும்பத்தை உயர்த்தியது. பேரனின் பயம் அதை அழித்தது!

பாலம் மட்டும் அழியவில்லை. இஸ்பஹான் மக்கள் இன்றும் அதன்மீது நடக்கிறார்கள். அதற்கு 'அல்லாவர்திகான் பாலம்' என்ற பெயரும் உண்டு.