முடியிழந்த காலத்து வெள்ளி: மொஸ்கோவும் நான்கு கோறளையும்

நாணயங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரசர் பெயர்களின் அட்டவணைகளாகவே முடிந்துவிடுகின்றன. அப்பெயர்களின் பின்னே இயங்கிய பொருளாதார உறவுகளை இரு நிலப்பகுதிகளை ஒப்பிட்டு நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும்.

1597இல் கோட்டே மன்னன் தர்மபாலன் வாரிசின்றி இறந்தான். அவன் 1580இல் எழுதிக்கொடுத்த உறுதியைக் காட்டிப் போர்த்துக்கேயர் அவ்வரசுக்கு உரிமை கோரினர். அரநாயக்கவை உள்ளடக்கிய நான்கு கோறளை, அவர்களுக்கும் கண்டியரசுக்கும் இடையே போர்நிலமாயிற்று. மறு ஆண்டில், 1598இல், ருஷ்ய மன்னன் பியோதர் இவானொவிச்சும் வாரிசின்றி இறந்தான். அங்கு 1613 வரை நீடித்த குழப்பகாலம் தொடங்கிற்று. இவ்விரு நாடுகளிலும் அக்காலத்தில் புழங்கிய வெள்ளிப்பணம் கம்பியாக இழுக்கப்பட்ட வெள்ளியிலிருந்தே செய்யப்பட்டது என்பது கருதத்தக்கது.

மொஸ்கோவில் கம்பியைத் துண்டுகளாக நறுக்கித் தட்டி, அச்சுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் அடித்துக் கொப்பெக் செய்தனர். ஏறத்தாழ 204 கிராம் வெள்ளிக்கு 300 கொப்பெக் என்பது 1530களில் வகுக்கப்பட்ட அளவு. கொதுனொவ், போலித் திமித்ரி, சூய்ஸ்கி எனப் பெயர்கள் மாறியபோதும் அவ்வளவு பெரும்பாலும் நிலைத்தது. 1610இன் பின்னர் போலந்து இளவரசன் விளாதிஸ்லாவின் பெயரால் அடிக்கப்பட்டபோது அதே வெள்ளியிலிருந்து 360 கொப்பெக் எடுக்கப்பட்டது. அவனை எதிர்த்து மினின், பொஜார்ஸ்கி தலைமையில் திரண்ட படையும் 1612இல், இறந்து பதினான்கு ஆண்டுகளான பியோதரின் பெயரிலேயே எடை குறைந்த நாணயத்தை வெளியிட்டது. 1613இல் முடிசூடிய மிகயில் ரொமானொவின் ஆட்சியில் எண்ணிக்கை 400 ஆகியது. அரசு மீண்டது; பழைய எடை மீளவில்லை.

கண்டியில் நிலைமை வேறு. பாரசீகத்தின் லார் நகரப் பெயரைத் தாங்கி, இந்து சமுத்திர வணிகத்தின்வழி வந்த லாரின் என்னும் மடித்த வெள்ளிக்கம்பி, இலங்கையில் தூண்டில் முள்போல் வளைக்கப்பட்டது. 1660 முதல் 1679 வரை கண்டியில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், அரசனின் இசைவுடன் எவரும் இதனைச் செய்து விரும்பிய முத்திரையை இடலாம் என்கிறார். ஐயம் எழின் அதனை நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்மையாகாவிடின் அது செல்லாது.

இதனை மக்களின் நாணயச் சுதந்திரம் எனப் போற்றுவது பொருந்தாது. கண்டியரசு குடிகளிடம் பெற்றதன் பெரும்பகுதி இராஜகாரிய உழைப்பாகவும் விளைபொருளாகவுமே அமைந்தது. வயலையும் ஊழியத்தையும் கட்டுப்படுத்திய அரசு, முத்திரையைப் பிறர் கைக்கு விட்டிருக்க முடிந்தது. படைக்கு நாணயத்தில் ஊதியமளித்த மொஸ்கோ ஆட்சியாளருக்கோ முத்திரையே வருவாய்க் கருவி. குறைந்த ஒவ்வொரு எடையும் கொப்பெக்கைக் கூலியாகப் பெற்றவன்மீது விழுந்த மறைமுக வரியாகும். ஆகவே, ஒரு நாணயத்தில் அரசன் பெயரை வாசிக்கும் ஆய்வாளர், குடிகளின் உழைப்பை அவ்வரசு எவ்வழியாகக் கவர்ந்தது என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.