விற்கப்பட்ட யோசேப்பு: ‘சொர்க்க வாயில்’ கதவின் புடைப்புச் சிற்பத் தகடு

லொரென்சோ கிபெர்ட்டி, 1425–1452
பொன்முலாம் பூசிய வெண்கலம், புளோரன்ஸ், இத்தாலி

புளோரன்ஸ் நகரில் ஞானஸ்நானம் வழங்குவதற்கென்றே எழுப்பப்பட்ட ஆலயத்தின் கிழக்கு வாயிலுக்காக, பத்துத் தகடுகளுடன் வார்க்கப்பட்ட கதவின் மூன்றாம் வரிசையில் வலப்புறம் அமைந்தது இத்தகடு. பழைய ஏற்பாட்டின் முதல் நூலான ஆதியாகமம் கூறும் யோசேப்பின் வாழ்க்கையில் வெவ்வேறு காலத்தில் நடந்தவை இங்கே ஒரே சட்டத்துக்குள் இடம்பெறுகின்றன.

வலப்புற மேல்பகுதியில், மெல்லிய புடைப்பில், பொறாமை கொண்ட அண்ணன்மார் 17 வயது யோசேப்பை வணிகரிடம் விற்கின்றனர். 20 வெள்ளிக்காசுக்கு விலைபோய், எகிப்தில் அடிமையாகி, பொய்ப்பழியால் சிறைப்பட்ட அவர், 30ஆம் வயதில் அந்நாட்டு மன்னனான பார்வோனுக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்து, 7 ஆண்டு விளைச்சலைச் சேமித்துவைத்துப் பின்வந்த 7 ஆண்டுப் பஞ்சத்தில் மக்களைக் காத்தார். நடுவிலுள்ள வட்டக் கட்டடத்தருகே மக்கள் தானிய மூட்டைகளைச் சுமக்கின்றனர். இடப்புறம் கீழே, பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மாரின் மனமாற்றத்தைச் சோதிக்க யோசேப்பு ஒளித்துவைக்கச் செய்த வெள்ளிக் கிண்ணம் தம்பி பென்யமீனின் மூட்டையில் அகப்படுகிறது. அதற்கு மேலே யோசேப்பு தம்மை இன்னாரென்று சகோதரருக்கு வெளிப்படுத்துகிறார்.

சகோதரர் செய்த தீங்கைத் தீங்கென்றே சொன்ன யோசேப்பு, பலருடைய உயிரைக் காக்கும் நன்மையாகக் கடவுள் அதை மாற்றினார் என்று நம்பியதால், பழிவாங்கும் அதிகாரம் தம் கையில் இருந்தும் அவர்களை மன்னித்து, அவர்களுடைய பிள்ளைகளையும் பராமரிப்பதாக உறுதியளித்தார். துன்பத்தின் நடுவிலும் இறைவனின் நல்நோக்கம் செயல்படுகிறது என்னும் இந்நம்பிக்கையே இத்தகட்டின் பொருளாகும்.

மூலக் கதவு 2012 முதல் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது; ஆலய வாயிலில் அதன் நகல் உள்ளது.