பெட்டியில் 3000 வாட்ஸ், உள்ளே எவ்வளவு? – வாகன சப்வூபருக்கு அம்ப் வாங்கும் முன்

கடந்த வருடம் தம்பி தனது வானுக்கு ஒரு சப்வூபரும் அதற்கான அம்பும் வாங்கிவந்தான். காலையிலும் மதியத்திலும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவான். மற்ற நேரங்களில் கலியாண வீடு, கோயில், கொழும்புப் பயணம் என்று கிடைக்கிற ஓட்டம். வான் பிடிக்க வருகிற பெடியள் முதலில் கேட்பது பாட்டுச் செற் எப்படி என்பதைத்தான் என்பான். ஆகவே அவனுக்கு அது ஆடம்பரமல்ல, தொழிலுக்கான செலவு. வானின் லீசிங்கே இன்னும் முடியாத நிலையில் அம்புக்கும் தவணைக் கடன்.

"அக்கா, மூவாயிரம் வாட்ஸ். பெட்டியிலயே போட்டிருக்கு" என்று காட்டினான்.

மூன்று வாரம்கூடப் போகவில்லை. பத்து நிமிடம் பாடினால் அம்ப் சூடேறி, சிவப்பு விளக்கு எரிந்து, தானாக நின்றுவிடும். ஒருநாள் வானுக்குள் வயர் கருகிய மணம். நல்லகாலம், பிள்ளைகளை இறக்கிய பிறகு.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் வானொலிக் கலையகத்தில் ஒலி பற்றிக் கொஞ்சம் படித்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு அவனுடன் உட்கார்ந்து என்ன பிழை என்று பார்த்தோம். அப்போது விளங்கியவற்றையே இங்கே எழுதுகிறேன். எங்களுடைய பக்கத்தில் வான், ஓட்டோ, பஸ் ஓட்டிப் பிழைக்கிற பல குடும்பங்களுக்கு இது உதவும்.

பெட்டியை விடுங்கள், பியூசைப் பாருங்கள்

பெட்டியில் பெரிதாக அச்சிடும் வாட்ஸ் பெரும்பாலும் 'மக்ஸ்' அல்லது 'பீக்' அளவு. ஒரு கணப்பொழுதுக்கு எட்டக்கூடும் என்று சொல்லப்படும் எண் அது. சிலவேளை அதுவும் கற்பனைதான். நீங்கள் தேட வேண்டியது 'ஆர்எம்எஸ்' என்று எழுதியிருக்கும் அளவை. அதுதான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. 'சிடிஏ-2006' என்ற தரக்குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. 14.4 வோல்ட்ஸில், ஒலிச் சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் அளந்த அளவு என்பதே அதன் பொருள்.

எதுவும் எழுதவில்லையென்றால் அம்பின் பின்புறத்தில் உள்ள பியூசைப் பாருங்கள். தம்பியின் அம்பில் ஒரேயொரு 30 அம்பியர் பியூஸ் இருந்தது. 30 அம்பியரை 14.4 வோல்ட்ஸால் பெருக்கினால் 432 வாட்ஸ். பியூஸ் எரியாமல் அம்பால் தொடர்ந்து உள்ளே இழுக்கக்கூடியதே ஏறத்தாழ அவ்வளவுதான். அதுவும் 'ஏபி' வகை அம்ப். அந்த வகையில் உள்ளே போகிற மின்சக்தியில் பாதியளவு வெப்பமாகவே போய்விடும். மிஞ்சுவது 200, மிஞ்சிப்போனால் 250 வாட்ஸ். மூவாயிரம் என்று விற்றது இதைத்தான்.

'டி' வகை அம்ப் உள்ளே எடுப்பதில் 80 சதவீதமளவைச் சப்வூபருக்குத் தரும். குறைவாகச் சூடேறும், பற்றரிக்கும் பாரம் குறைவு. சப்வூபருக்கென்றே வரும் ஒற்றைச் சனல் 'டி' வகை அம்ப்தான் பொருத்தமான தெரிவு.

ஓம் கணக்கு

இரண்டாவது பிழை வயர் இணைப்பில் இருந்தது. தம்பியின் சப்வூபர் 12 அங்குலம், 300 வாட்ஸ் ஆர்எம்எஸ், உள்ளே 4 ஓம் கொயில் இரண்டு. இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தம் 2 ஓம். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8 ஓம். வேறு வழி இல்லை.

அவன் வாங்கியதோ இரண்டு சனல் அம்ப். அதன் இரு சனல்களையும் ஒன்றாக்கிச் சப்வூபருக்குக் கொடுக்கும்போது 4 ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அதன் கைநூலிலேயே இருந்தது. பூட்டியவர் 2 ஓமில் இணைத்திருந்தார். அப்போது ஒவ்வொரு சனலுக்கும் 1 ஓம்தான் தெரியும். தாங்காமல் சூடேறியது. அந்தச் சிவப்பு விளக்கு அம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

ஆகவே முதலில் சப்வூபரைப் பாருங்கள். அதன் ஆர்எம்எஸ் எவ்வளவு, கொயில் எத்தனை ஓம் என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே அம்ப் 4 ஓமில் ஓர் அளவும் 2 ஓமில் அதைவிடக் கூடிய அளவும் தரும். உங்கள் இணைப்பு எத்தனை ஓமோ, அந்த வரியில் உள்ள எண் மட்டுமே உங்களுக்குரியது. தம்பிக்குத் தேவைப்பட்டது 2 ஓமில் 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் அம்ப். அவ்வளவுதான்.

இன்னும் பெரியது வாங்கலாமே என்று தோன்றும். சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குச் சிறிய வித்தியாசம்தான், காசுக்குப் பெரிய வித்தியாசம்.

சைக்கிள் டைனமோ சொல்லித்தந்தது

எங்களுடைய வயதில் உள்ளவர்களுக்கு ஒரு விடயத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரேடியோவில் கொழுவுவார். செய்தி முடியும்வரை பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு, கரகரத்து, நின்றுவிடும். அந்த டைனமோவின் சக்தி 3 வாட்ஸ். அதில்தான் அயலட்டை முழுவதும் செய்தி கேட்டது.

அம்பும் அப்படித்தான். கொடுக்கிற மின்சாரம் போதாவிட்டால் ஒலி உடையும். 300 வாட்ஸ் தரும் 'டி' வகை அம்ப் முழு வேகத்தில் 26 அம்பியர் அளவு கேட்கும். சிறிய வாகனங்களின் ஓல்டனேற்றர் பெரும்பாலும் 60 முதல் 90 அம்பியர் வரைதான் தரும். அதில்தான் ஹெட்லைற், ஏசி, வைப்பர் எல்லாம் ஓட வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டிவந்தோம். பழைய ஓல்டனேற்றர் எழுதியிருக்கும் அளவைத் தராது. ஓட்டோவில் இன்னும் குறைவு. அம்ப் வாங்கும் முன் எலக்ரீசியனிடம் அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரவில் பாட்டின் அடிக்கு ஏற்ப ஹெட்லைற் மங்கினால், வாகனம் தாங்கவில்லை என்று அர்த்தம்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கருகிய மணத்துக்குக் காரணம் வயர். மலிவு வயர்களில் பல, மேலே செம்புப் பூச்சுள்ள அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். 30 அம்பியருக்கு, பற்றரியிலிருந்து 5 மீற்றர் தூரத்துக்குள், 8 சதுர மில்லிமீற்றர் செம்பு வயராவது வேண்டும். அலுமினியமென்றால் அதைவிடத் தடிப்பானது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் ஒரு பியூஸ். தம்பியின் வானில் அது இருக்கவேயில்லை. அம்பில் உள்ள பியூஸ் அம்பைத்தான் காக்கும், வயரைக் காக்காது. இடையில் வயர் தகரத்தில் உரசி உறை கிழிந்தால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை அந்த வயருக்குள் தள்ளும். பின்னால் பிள்ளைகள் இருக்கும் வாகனத்தில் தீ பிடிக்க அது போதும். தகரத்தைத் துளைத்து வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய தகரத்தில், இயன்றளவு குறுகிய தூரத்தில் இறுக்குங்கள்.

கெயின் என்பது சத்தம் கூட்டும் குமிழ் அல்ல

செற்றின் அளவையும் அம்பின் அளவையும் பொருத்துவதற்குத்தான் கெயின். கலையகத்தில் மீற்றர் முள் சிவப்புக்குப் போனால் எங்களுக்கு ஏச்சு விழும். இங்கே ஏச்சு இல்லை, கொயில் கருகும். சப்வூபரைக் கழற்றிவிட்டு, செற்றை முக்கால் அளவில் வைத்து, 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, மல்ரிமீற்றரை ஏசி வோல்ட்ஸில் வைத்து அளக்கலாம். வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதே எல்லை. 300 வாட்ஸ், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட்ஸ். அதுவரை மட்டும் கெயினைத் திருப்புங்கள். லோபாஸ் பில்டரை 80 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள்.

ஒரு சிறிய குமிழ்

பழைய அம்பைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. தவணை இன்னும் போகிறது. புதியதை நாங்கள் சேர்ந்து வாங்கினோம். தம்பி வீட்டு முற்றத்தில் வானை நிறுத்தி முதன்முதலாகப் போட்டபோது ஒலி சுத்தமாக இருந்தது. அவனுடைய முகத்தில் சிரிப்பு.

அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தா. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தா. பிறகுதான் எங்களைப் பார்த்தா. "அப்பன், உதைக் கொஞ்சம் குறையன்" என்று மட்டும் சொன்னா.

40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டு மீற்றருக்கும் அதிகமான நீளம். கதவு, ஜன்னலை மூடுவதால் அது நிற்காது. தூரத்தில் பாட்டுக் கேட்காது, அதிர்வு மட்டும் நெஞ்சில் வந்து தட்டும். அந்த அதிர்வை வேறு எதற்கோ உரியதாக அறிந்த உடம்புகள் எங்களுடைய ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. பாட்டுக் கேட்பது பிழையல்ல. ஆனால் எங்களுடைய ஊரில் அம்ப் வாங்கும்போது இதையும் ஒரு கணக்காகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பல ஒற்றைச் சனல் அம்ப்களுடன் பேஸை மட்டும் கூட்டிக்குறைக்கும் சிறிய குமிழ் ஒன்று வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தம்பி அதை ஸ்டியரிங்குக்குக் கீழே, கைக்கெட்டும் இடத்தில் பூட்டியிருக்கிறான். பிரதான வீதியில் பாட்டு அதிரும். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போது குமிழை முழுவதுமாகக் குறைத்துவிடுவான். வான் வந்து நின்றது எஞ்சின் சத்தத்தில்தான் அம்மாவுக்குத் தெரியும்.