தேனும் வெல்லமும் ஃபார்மலினுக்கு மாற்றாகுமா?

உடலிலிருந்து வெட்டியெடுத்த திசு உடனே சிதையத் தொடங்கிவிடும். செல்களை இருந்தது இருந்தபடி நிறுத்திவைக்கவே சோதனைக்கு எடுத்த பயாப்ஸித் துணுக்கை ஃபார்மலின் என்னும் ஃபார்மால்டிஹைடு கரைசலில் போடுகிறார்கள். 1893-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் பிளம் இந்தப் பண்பைக் கண்டறிந்தார். விலை மலிவு, வேலை சுத்தம் என்பதால் இன்றுவரை அதுவே வழக்கம்.

யாருக்கு ஆபத்து?

ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தோல் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முடிவுசெய்தது. மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோய்க்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் இதனுடன் தொடர்பு உண்டு. பாதிப்பு நோயாளிக்கு அல்ல. நாள்தோறும் திசுவை அறுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும், பாட்டில் நிரப்பும் உதவியாளர்களுக்கும்தான். நெடி பழகிவிட்டால் மூக்கும் எச்சரிக்காது. காற்றில் இந்த ஆவியின் எட்டு மணி நேரச் சராசரி 0.75 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 0.75 பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கா. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.3 பிபிஎம்.

இயற்கை மாற்றுகள்

இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகள் சில, ஆட்டுத் திசுவைத் தேன் கரைசலிலும் வெல்லப் பாகிலும் ஊறவைத்துச் சோதித்துள்ளன. சர்க்கரை திசுவின் நீரை உறிஞ்சுகிறது. கரைசலின் அமிலத்தன்மை கிருமிகளை அடக்குகிறது. ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரை சிதைந்து உருவாகும் ஆல்டிஹைடுகள் புரதங்களைப் பிணைக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான சாதாரணச் சாயமேற்றலில் வெல்லப் பாகு, ஃபார்மலினுக்கு நெருக்கமான பலன் தந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் இவை சிறிய ஆய்வுகள். பூவுக்குப் பூ, ஊருக்கு ஊர் தேனின் கூறுகள் மாறும், கலப்படமும் உண்டு. நீர்த்த பாகில் பூஞ்சை பிடிக்கும். அதைவிட முக்கியம், மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஏற்பிச் சோதனை, ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருந்த திசுவை வைத்தே வகுக்கப்பட்டது; வேறு கரைசலில் ஊறிய திசுவில் அதன் முடிவை அப்படியே நம்ப முடியாது. ஆகவே கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். நோயறிதலுக்கு நம்பும் காலம் இன்னும் வரவில்லை.

என்ன செய்யலாம்?

பணியாளர்கள்: ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் மேசை, ஏற்ற கையுறை, கண்ணாடி ஆகியவற்றை நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளுவோருக்குப் பயிற்சியும், வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனையும் தரவேண்டும். பயன்படுத்திய ஃபார்மலின் அதே விதிகளில் மஞ்சள் வகைக் கழிவு. அதைச் சாக்கடையில் ஊற்றினால் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் செய்யலாம்.

நோயாளிகள்: பயாப்ஸி பாட்டிலை உங்கள் கையிலேயே கொடுத்தனுப்பினால், திசுவைப் போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்கிறதா, மூடி இறுகியிருக்கிறதா, பெயரும் எடுத்த நேரமும் எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இயற்கையானது என்று நினைத்துத் தேனோ உப்புநீரோ நீங்களாக ஊற்றாதீர்கள். உங்கள் திசுவில் புதிய கரைசலைச் சோதிக்க ஆய்வாளர்கள் விரும்பினால், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் உங்கள் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். திசு கெட்டுப்போனால் மறுபடி கத்தி படுவது உங்கள் உடலில்தான்.