ஒளிக்கு ஏன் இந்த வேகம்?

ஒளியின் வேகம் வினாடிக்கு 29 கோடியே 97 லட்சத்து 92 ஆயிரத்து 458 மீட்டர். இதையே 3 லட்சம் கிலோமீட்டர் என்று சுருக்கிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சரியாக 30 கோடி மீட்டராக இருந்திருந்தால் கணக்குப் போட எவ்வளவு சௌகரியம்! ஏன் இப்படி அரையும் குறையுமாக ஓர் எண்? "இயற்கை அப்படி" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான். அந்த இலக்கங்களை எழுதியதில் மனிதனுடைய கையும் உண்டு.

கஜம் போய் மீட்டர் வந்தது

துணிக்கடையில் ஒரு காலத்தில் கஜக்கோலால் அளந்தார்கள். மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-ல் வந்தபின் மீட்டர்கோல் வந்தது. துணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எண்தான் மாறியது. ஒளிக்கும் அப்படியே. கஜத்தில் சொன்னால் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 32 கோடியே 78 லட்சத்து 57 ஆயிரம். மைலில் சொன்னால் 1,86,282.

சரி, மீட்டர் என்ற அளவு எப்படி வந்தது? பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், வட துருவத்திலிருந்து பாரிஸ் வழியாகப் பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று முடிவு செய்தார்கள். அதற்காக டெலாம்பர், மெஷேன் என்ற இரு வானநூலார் 1792 முதல் 1798 வரை டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை நிலத்தை அளந்தார்கள். போர்க்காலம். கோபுரத்தில் ஏறிக் கருவி வைத்துப் பார்த்தவர்களை ஒற்றர்கள் என்று ஜனங்கள் சந்தேகித்தார்கள். பார்சிலோனாவில் தாம் எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போகாததைக் கண்ட மெஷேன், அதை வெளியே சொல்ல அஞ்சி, 1804-ல் இறக்கும் வரை மறைத்தே வைத்திருந்தார், பாவம். இத்தனைக்கும் பெரிய பிழை அவருடையதல்ல. துருவங்களில் பூமி எவ்வளவு தட்டையானது என்று போட்ட கணிப்பே தவறியது. மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. அது சரியாக அமைந்திருந்தால் ஒளியின் வேகத்தைக் காட்டும் எண் சுமார் 59 ஆயிரம் குறைந்திருக்கும்.

1972-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் லேசர் கொண்டு ஒளியை மிக நுட்பமாக அளந்தார்கள். இனி தடையாக நின்றது ஒளியல்ல, மீட்டரேதான்! ஆகவே 1983-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு கணக்கைத் தலைகீழாகத் திருப்பியது. மேலே சொன்ன எண்ணை அப்படியே நிலைநிறுத்தி, ஒரு வினாடியில் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி வெற்றிடத்தில் செல்லும் தூரமே மீட்டர் என்று வகுத்தது. அதன்பின் யாராவது ஒளியின் வேகத்தை அளக்கப் புறப்பட்டால், உண்மையில் அவர் சோதிப்பது தம்முடைய அளவுகோலைத்தான்.

மின்சாரத்தில் ஒளிந்திருந்த வேகம்

எண் மனிதனுடையது, வேகம் அவனுடையதல்லவே. அது எங்கிருந்து வந்தது?

1856-ல் ஜெர்மனியில் வெபர், கோல்ராஷ் என்ற இருவர் ஒரு ஜாடியில் மின்சாரத்தைச் சேர்த்து, அதன் விலக்கு விசையை அளந்தார்கள். பிறகு அதைக் கம்பிச் சுருள் வழியே ஓடவிட்டு, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார்கள். ஒளியை அவர்கள் அளக்கவே இல்லை. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டதில் வினாடிக்குச் சுமார் 3,10,000 கிலோமீட்டர் என்ற வேகம் கிடைத்தது. 1861 கோடையில் ஸ்காட்லாந்திலுள்ள தம் கிராமத்து வீட்டில் மாக்ஸ்வெல், மின்காந்த அலையின் வேகத்துக்குச் சூத்திரம் கண்டார். அதில் போட்டுப் பார்க்க வேண்டிய அந்த எண் கையில் இல்லை. லண்டன் திரும்பிய பிறகுதான் பார்க்க முடிந்தது. பிரான்சில் ஃபிசோ 720 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றி 1849-ல் அளந்திருந்த ஒளியின் வேகம் சுமார் 3,15,000. ஏறக்குறைய ஒன்றே! ஒளியும் மின்காந்த அலையே என்று அவர் துணிந்தார்.

வெற்றிடத்தின் மின், காந்த குணங்களே ஒளியின் வேகத்துக்குக் காரணம் என்று இன்றும் பாடப் புத்தகங்கள் சொல்லும். நம் கருத்தில் அது கேள்வியை அடுத்த அறைக்குத் தள்ளிவிடுவதுதான். அந்தக் குணங்கள் ஏன் அப்படி?

1905-ல் ஐன்ஸ்டீன் காட்டிய வழி வேறு. இது ஒளிக்கு மட்டும் உரிய வேகமல்ல. உலகில் எதுவும் தாண்ட முடியாத எல்லை. 2017 ஆகஸ்ட் 17-ல் இதற்கு நல்ல சாட்சி கிடைத்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலையும் காமா ஒளியும் பூமிக்கு வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 1.7 வினாடிதான்.

ஆக, மீட்டரும் கஜமும் வேண்டாத கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் ஓடும் வேகம், நீல்ஸ் போரின் கணக்குப்படி, ஒளியின் வேகத்தில் சுமார் 137-ல் ஒரு பங்கு. எந்தக் கோலால் அளந்தாலும் இது மாறாது. இந்த 137 வெகுவாக மாறினால் அணுக்கள் பிணையும் விதமே மாறிவிடும். நம் உடலின் ரசாயனமும் இப்படி இராது. ஏன் 137 என்று எந்தக் கொள்கையும் இதுவரை சொல்லவில்லை, அளக்கத்தான் முடிகிறது. 2018-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் அளந்தபோது கிடைத்தது 137.035999046. மீட்டர் பிறந்த அதே பாரிஸில் 2020-ல் அளந்தபோது 137.035999206. பத்தாவது இலக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இந்த முறை யாரும் மறைக்கவில்லை, இரண்டையும் அச்சிட்டுவிட்டார்கள்.