பிள்ளை பார்க்கக் கடல் கடக்கும் தாய்மார்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கின்றனர். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்ப்பதே அவர்களது பயணத்தின் நோக்கம். கல்முனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் இதே காரணத்துக்காக டோஹாவுக்கும் துபாய்க்கும் புறப்படும் உம்மாமாரும் உளர். அயலவர்கள் இதனை மகிழ்ச்சியான உல்லாசப் பயணமாகவே பார்க்கின்றனர். உண்மையில் இத்தாய்மார் செல்வது வேலைக்கு. சம்பளமில்லாத, நேரவரையறையில்லாத அந்த வேலை இல்லாவிட்டால், வெளிநாட்டில் சிறு பிள்ளைகளோடு வாழும் எமது குடும்பங்களில் பல நிலைகுலைந்துவிடும்.

ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் தாயைச் சூழ ஒரு கூட்டமே நிற்கும். சரக்கு அரைக்க ஒருவர், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒருவர், மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போக இன்னொருவர். தமிழர் வீடுகளில் 31 ஆம் நாள் வரையிலும் முஸ்லிம் வீடுகளில் 40 ஆம் நாள் வரையிலும் தாய் ஓய்வில் இருப்பது வழக்கம். வெளிநாட்டுத் தொடர்மாடியில் இந்தக் கூட்டம் முழுவதும் கணவன் என்ற ஒரே மனிதனாகச் சுருங்கிவிடுகிறது. அவரும் சில நாட்களில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

மேற்குநாடுகளில் அரசு உதவுகிறதே என்று சிலர் கேட்கலாம். உதவுகிறது என்பது உண்மை. கியூபெக் தவிர்ந்த கனடாவில் 2000 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 15 வாரத் தாய்மைக்காலக் கொடுப்பனவும் 35 வாரப் பெற்றோர் கொடுப்பனவும் வழங்கப்படுகின்றன. ஆயினும் அது சம்பளத்தின் 55 வீதமே. அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. தாய்மைக்கு முந்திய காலத்தில் 600 மணித்தியாலங்கள் காப்புறுதிக்குட்பட்ட வேலை செய்திருக்கவும் வேண்டும். உணவகங்களிலும் கடைகளிலும் பதிவில்லாமல் கைக்காசுக்கு வேலை செய்த பெண்ணுக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. பிரித்தானியாவில் 52 வார விடுமுறை உண்டெனினும் கொடுப்பனவு 39 வாரங்களுக்கே. அவற்றுள்ளும் முதல் 6 வாரங்களுக்குத்தான் சம்பளத்தின் 90 வீதம். பின்னர் கிடைப்பது சிறு தொகை. நோர்வே இவற்றைவிடத் தாராளமானது. அங்கு 1993 ஆம் ஆண்டிலேயே தந்தைக்கென விடுமுறையின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டிலிருந்து ஒரு வயதான பிள்ளைக்குப் பாலர் பராமரிப்பு நிலையத்தில் இடம் பெறுவது சட்டபூர்வ உரிமையாகவும் உள்ளது.

சிக்கல் தொடங்குவது விடுமுறை முடியும் நாளில்தான். ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளை நான்கு வயதை எட்டும் ஆண்டின் செப்டெம்பர் மாதத்தில் முழுநாள் பாலர் வகுப்பில் இலவசமாகச் சேரலாம். 2010 ஆம் ஆண்டில் ஆரம்பித்து 2014 ஆம் ஆண்டளவில் மாகாணம் முழுவதும் பரவிய ஏற்பாடு இது. தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு வயது ஒன்று. பாடசாலை வாசல் திறக்க இன்னும் மூன்று வருடங்கள் வரை இருக்கின்றன. இந்த இடைவெளியில் பிள்ளையை யார் வைத்திருப்பது?

ரொறன்ரோவில் கைக்குழந்தை ஒன்றுக்கான பராமரிப்பு நிலையக் கட்டணம் ஒரு காலத்தில் மாதம் 1500 டொலரைத் தாண்டியிருந்தது. இரு பிள்ளைகள் இருந்தால் தாயின் சம்பளம் முழுவதும் அங்கேயே போய்விடும். நாளொன்றுக்கு 10 டொலர் என்ற இலக்குடன் கனடிய மத்திய அரசு 2021 ஆம் ஆண்டில் அறிவித்த திட்டத்தில் ஒன்ராறியோ 2022 மார்ச்சில் இணைந்தபின் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் கட்டணம் குறைந்தபோது கேள்வி கூடியது; இடங்கள் போதவில்லை. மேலும், பெரும்பாலான நிலையங்கள் மாலை ஆறு மணியளவில் மூடப்படுகின்றன. தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்பவருக்கு அவற்றால் என்ன பயன்?

ஆகவே பல வீடுகளில் கணவன் பகலிலும் மனைவி இரவிலும் வேலை செய்கின்றனர். ஒருவர் கதவால் உள்ளே வர மற்றவர் வெளியேறுகிறார். பிள்ளை தாயையும் தந்தையையும் சேர்த்துக் காண்பது ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே. வேறு சிலர் அயலில் பிள்ளை பார்க்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவரிடம் விடுகின்றனர். அனுமதிப்பத்திரமின்றி வீட்டில் பிள்ளை பார்ப்பவர் 13 வயதுக்குட்பட்ட 5 பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென ஒன்ராறியோச் சட்டம் விதித்துள்ளது. பெற்றோருள் எத்தனை பேர் இதை விசாரித்துவிட்டு விடுகிறார்கள் என்பது வேறு விடயம்.

இந்த நெருக்கடியில்தான் ஊருக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. அம்மா வந்தால் எல்லாம் சரி. அம்மா எவ்வளவு காலம் தங்கலாம் என்பதையோ விசாச் சட்டம் தீர்மானிக்கிறது. பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் விண்ணப்பங்களை 2011 நவம்பரில் தற்காலிகமாக நிறுத்திய கனடா, அடுத்த மாதமே 'சுப்பர் விசா'வை அறிமுகப்படுத்தியது. அதன்கீழ் ஒரு தடவையில் இரு வருடங்கள் தங்க முடிந்தது. 2022 ஜூலையில் அது ஐந்து வருடங்களாக்கப்பட்டது. அழைக்கும் பிள்ளைக்குக் குறித்த வருமானம் இருக்க வேண்டும். வருபவர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுவதோடு குறைந்தது 1,00,000 டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதியும் வைத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் வழி 2012 ஜூலையில் ஏறத்தாழ அடைக்கப்பட்டுவிட்டது. சாதாரண வருகை விசாவில் ஆறு மாதங்களே தங்கலாம். அக்காலத்தில் வைத்தியசாலையில் சேர நேர்ந்தால், அவசரப் பிரிவுச் சிகிச்சை போன்ற சில தவிர, செலவின் ஒன்றரை மடங்கு அறவிடப்படும். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள தாயை அழைப்பவர்கள் காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படிப்பதில்லை. ஏற்கனவே உள்ள நோய்களுக்குப் பல காப்புறுதிகள் பணம் கொடுப்பதில்லை. கொடுப்பவையும் மருந்தின் அளவு அண்மையில் மாறாதிருக்க வேண்டுமென நிபந்தனை இடுகின்றன. பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் வரும் பட்டியல், குடும்பம் ஒரு வருடத்தில் சேமித்ததை விழுங்கிவிடும். தகப்பன் இங்கே தனியே கடைச் சாப்பாட்டில் காலம் கழிப்பதையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. "உங்களுக்கு வர விருப்பமா?" என்ற கேள்வி தாயிடம் கேட்கப்படுவதே அரிது. பேரப்பிள்ளை என்றதும் மறுக்கமாட்டார் என்ற துணிவு எமக்கு.

போகின்ற தாய்மார் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்று உண்டு. குழப்படி செய்யும் பிள்ளைக்கு ஓர் அடி போடுவது ஊரில் சாதாரணம். சுவீடன் 1979 இலும், நோர்வே 1987 இலும், ஜேர்மனி 2000 ஆம் ஆண்டிலும், பிரான்ஸ் 2019 இலும் பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் தடைசெய்துள்ளன. கனடாவில் ஓரளவு விலக்கு இருந்தபோதிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2004 ஆம் ஆண்டில் அதனை மிகவும் சுருக்கியது. தடியால் அடிப்பதும் தலையில் அடிப்பதும் அந்த விலக்கில் அடங்கா. பிள்ளைக்கு ஆபத்தென்று சந்தேகித்தால் ஆசிரியரும் வைத்தியரும் அறிவித்தே ஆகவேண்டும். இதை விமானம் ஏறுவதற்கு முன்னரே மகனோ மகளோ தாயிடம் சொல்லிவிடுவது நல்லது. பிள்ளை பாலர் வகுப்பில் வாய் திறந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வளைகுடா நாடுகளின் கதை வேறு. கட்டாரின் 2004 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வழங்கும் தாய்மை விடுமுறை 50 நாட்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் தனியார் துறையில் 45 நாட்களாக இருந்தது 2022 இல் 60 நாட்களாயிற்று. தாய் வேலைக்குப் போகாவிட்டாலும், கோடையில் நான்கு சுவர்களுக்குள் பிள்ளைகளோடு அடைபட்டிருப்பது தனிச் சுமை. சவூதி அரேபியா 2017 ஜூலையிலிருந்து வெளிநாட்டவரின் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 றியால் அறவிடத் தொடங்கி, வருடந்தோறும் கூட்டி 2020 இல் 400 றியாலாக்கியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1600 றியால் அதற்கே போகும். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கிய தந்தையர் ஏராளம். அப்படித் திரும்பிய பிள்ளைகளும் இறுதியில் உம்மம்மாவின் வீட்டில்தான் வளர்கின்றனர். ஆங்கிலத்தில் பாலர் வகுப்புப் படித்துவிட்டு வந்த ஆறு வயதுப் பிள்ளையைத் தமிழ்மொழி மூல முதலாம் ஆண்டில் சேர்ப்பதா, கட்டணம் செலுத்திச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்புவதா என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது.

வளைகுடாவில் பிறப்பதால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. எனவே பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிவது மிக அவசியம். தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை கோரும் உரிமையை 2003 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழங்கியுள்ளது. காலம் தவறினாலும் விண்ணப்பிக்க இடமுண்டு. ஆனால் அலைச்சலும் செலவும் கூடும்.

மொழியைப் பொறுத்தவரை, அம்மம்மாவோடு இரண்டு வருடம் வளர்ந்த பிள்ளை தமிழில் சண்டை பிடிக்கும், கதை கேட்கும், பசிக்குது என்று அழும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் எழுத்தைக் கற்பிக்கலாம். இந்தப் பேச்சைக் கொடுக்க அவற்றின் சில மணித்தியாலங்கள் போதா. அதே பிள்ளை பாலர் வகுப்புக்குப் போய்ச் சில மாதங்களில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது. விசா முடிந்து ஊர் திரும்பிய அம்மம்மா தொலைபேசித் திரையில் தமிழில் கேட்கிறார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது, தாய் மொழிபெயர்க்கிறாள்.