நானாவின் ரயிலுக்குப் புது நிறம்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு குட்டி நீராவி எஞ்சின் இருக்கிறது. நானா சிறுவனாக இருந்தபோது லண்டனிலிருந்து மாமா அனுப்பியது. அசலில் 76இல் ஒரு பங்கு அளவான ‘பிளையிங் ஸ்கொட்ஸ்மன்’. அதன் பின்னால், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் ‘டென்டர்’ என்ற பெட்டி. இரண்டிலும் நிறம் உரிந்திருந்தது. கட்டாரில் வேலை செய்யும் நானா லீவில் வருவதற்குள் புதிதாக்கிவிட நினைத்தேன்.

முதல் நாளே தவறு செய்தேன். கதவுக்கு வாங்கிய தின்னரைத் துணியில் தொட்டு டென்டரைத் துடைத்தேன். பெயின்டோடு பிளாஸ்டிக்கும் இளகிச் சுருங்கிவிட்டது. ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று இரசாயனவியல் பரீட்சையில் எழுதிய அதே கை! அழுதுகொண்டு நின்றேன். “அழுதா சரியாகுமா மகள்? எப்படிச் செய்றண்டு தேடிப் படிங்க” என்றார் உம்மா.

படித்து, செய்து, அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் படம் எடுத்துவிட்டுக் கழற்ற வேண்டும். திருகாணிகளைச் சிறு டப்பாக்களில் தனித்தனியே வையுங்கள். சில மாதிரிகளில் மோட்டார் டென்டருக்குள்ளேயே இருக்கும், கவனம்.

பழைய பெயின்டை அகற்ற ஐசோபுரொப்பைல் அற்ககோல் பெரும்பாலும் போதும். அதையும் உட்புறத்தில் ஒரு துளி தொட்டுப் பார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும். பிறகு சவர்க்கார நீரில் பழைய பல்துலக்கியால் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

அடுத்து சாம்பல் நிற அடிப்பூச்சு. அதன்மேல் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக விசிற வேண்டும். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் வழியும். ஆணித் தலைகள் போன்ற நுண்ணிய வேலைப்பாடுகள் மறைந்துவிடும். மழை நாளில் விசிறினால் ஈரப்பதனால் மேற்பரப்பு வெளிறலாம். எஞ்சினையும் டென்டரையும் ஒரே டின்னிலிருந்து ஒரே நாளில் பூசுங்கள். இல்லையேல் இரண்டும் இரண்டு பச்சையாகத் தெரியும்.

சில்லுகளின் ஓடும் விளிம்பில் பெயின்ட் படவே கூடாது. தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் அவ்வழியாகத்தான் போகிறது.

எந்த நிறம் என்பதும் முக்கியம். 1923இல் டொங்காஸ்டரில் கட்டப்பட்ட அசல் எஞ்சின் இளம்பச்சையில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் கறுப்பு, பின்னர் நீலம், அதன்பின் கடும்பச்சை. எங்களுடையதில் இருந்த இலக்கம் 4472. அதனால் இளம்பச்சையைத் தெரிவு செய்தேன். கடும்பச்சை என்றால் 60103 என்று எழுத வேண்டும்.

சுருங்கிய பக்கத்தைப் பட்டி போட்டு நிரப்பி, மண்தாளால் தேய்த்தேன். ஆனாலும் வெளிச்சம் சாய்வாக விழும்போது பள்ளம் தெரிகிறது. அந்தப் பக்கத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பி வைத்தேன்.

நானா வந்தார். கையில் எடுத்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தண்டவாளத்தை விறாந்தையில் விரித்து ஓடவிட்டார். வட்டமாகச் சுற்றும்போது அந்தப் பள்ளமும் எல்லோருக்கும் தெரிந்தது. ரயில் நிற்கவில்லை.

தோழிகளே, தொடங்குமுன் சன்னலைத் திறந்து, முகக்கவசம் அணிந்து, அடுப்பிலிருந்து தள்ளி அமருங்கள். எந்தத் திரவத்தையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டுப் பாருங்கள்.